கால் மைல் ஓட்டம்

வேகத்தின்மீது ஆசை கொள்ளுதல் வாலிபப் பருவத்தின் இயல்பு. குதிரையேறிச் சென்ற காலத்திலும் அவ்வாசை இருந்தது. மோட்டார் சைக்கிள் ஏறிச் செல்லும் இக்காலத்திலும் அது ஒரு சிறிதும் குறைந்திலது. வேறுபாடு யாதெனில், குதிரை தன் உயிருக்கு அஞ்சி ஒருகால் தானே நிற்கும். யந்திரமோ ஏறியவன் கைப்படி எவ்விடத்தும் பாயும். இன்று கடைகளில் விற்கப்பெறும் பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குகள், நின்ற நிலையினின்று ஏறக்குறைய மூன்று வினாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எய்தவல்லன. இத்தகைய யந்திரத்தை உடையான் ஒருவன் அதன் முழு வலிமையையும் ஒருமுறையேனும் கண்டறிய விரும்புதல் குற்றமன்று. அதனை நள்ளிரவிற் பொதுச் சாலையிற் கண்டறியப் புகுதலே குற்றம். அவ்வாறு புகுந்து தம் உயிரையும், பந்தயத்திற்குச் சற்றும் தொடர்பில்லாத வழிப்போக்கர் உயிரையும் மாய்த்தோர் செய்தியைப் பத்திரிகைகளிற் படித்து வருகின்றோம்.

அவ்விருப்பத்திற்கென்றே ஏற்பட்ட விளையாட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவில் அதனை டிராக் பந்தயம் என்று வழங்குவர். அஃது எத்தன்மைத்து, சாலையில் ஓட்டும் தன் சொந்த வண்டியையே கொண்டு முதன்முதலாக அக்களத்திற் புகுவோன் அறியவேண்டுவன யாவை என்பவற்றை இக்கட்டுரையில் இயன்ற அளவு விளக்கப் புகுகின்றோம்.

டிராக் பந்தயமாவது, இரண்டு வண்டிகள் அருகருகே நின்று, ஓர் அடையாளங் கண்டவுடன் புறப்பட்டு, நேரான பாதையிற் கால் மைல் தூரம், அதாவது 1320 அடி, ஓடி முடிப்பதாகும். வளைவு இல்லை, சுற்று இல்லை, முந்துவதற்கும் மறிப்பதற்கும் இடமில்லை, அவரவர்க்குத் தனித்தனிப் பாதை உண்டு. சில களங்களில் அதிற் பாதியாகிய 660 அடியே ஓடுவர். நேரே போவதில் என்ன வித்தை என்று கேட்போரும் உளர். பத்து அல்லது பன்னிரண்டு வினாடியில் முடிந்துபோகும் ஒரு செயலில், ஒரு வினாடியின் ஆயிரத்திலொரு பங்கும் வெற்றி தோல்வியை நிருணயிக்குமாயின், அதனுள் எவ்வளவு வித்தை அடங்கும் என்பது மேலே செல்லச் செல்ல விளங்கும்.

இதன் வரலாறு சுவையுடையது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்க வாலிபர் பலர், பழைய கார்களைத் தம் கைப்படத் திருத்தி, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளிலும் ஊர்த் தெருக்களிலும் ஓட்டிப் பார்த்து வந்தனர். தெருவோட்டத்தினால் விபத்தும், விபத்தினாற் பொதுமக்களின் வெறுப்பும் பெருகின. 1950-ம் ஆண்டில் அம்மாகாணத்துச் சான்டா ஆனா விமானநிலையத்தின் ஓடுபாதையொன்றிற் கட்டணம் வாங்கி, நேரமளந்து, முறையாகப் பந்தயம் நடத்தத் தொடங்கினர். 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருவில் ஓடுவோரைக் களத்திற்கு அழைத்து வருதல் அச்சங்கத்தின் முதல் நோக்கங்களுள் ஒன்று. இங்கிலாந்திலும் இக்கதையே, 1966-ல் திறக்கப்பட்ட சான்டா பாட் களம், பாடிங்டன் என்னும் பழைய யுத்தகால விமானத் தளத்தில் அமைந்ததாகும். குண்டு வீசச் சென்ற விமானங்களுக்காகப் போடப்பட்டு, யுத்தம் ஒழிந்தபின் பயனற்றுக் கிடந்த நேர்பாதைகளே பல தேசங்களிலும் இவ்விளையாட்டிற்குத் தொட்டிலாயின. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்து ஓடுபாதையும் யுத்தகாலத்ததே. அங்கும் நெடுங்காலம் மோட்டார் பந்தயங்கள் நிகழ்ந்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிற் பந்தயத்திற்கென்றே ஒரு களம் திறக்கப்பட்டது. இந்திய தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் போட்டிகளும் அவ்விடத்தில் நடைபெற்றுள்ளன. ஆயினும், எவரும் தம் வண்டியைக் கொணர்ந்து, சிறு கட்டணம் செலுத்தி, மாலைப்பொழுதில் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் ஆழ வேரூன்றியது அமெரிக்காவிலாதலின், அந்நாட்டு முறையைத் தழுவியே மேலே எழுதுகின்றோம்.

சாலைக்கும் களத்திற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். சாலையில் மணலும் எண்ணெயும் கிடக்கும். களத்திலோ புறப்படுமிடத்திற் பிசின் போன்ற ஒரு கலவையைத் தெளித்து, அதன்மேல் ரப்பர் படியச் செய்திருப்பர். அதன்மீது நடப்பவன் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டு காலினின்று கழலுமாயின், டயர் எவ்வளவு இறுகப் பற்றும் என்பதை ஊகித்தறியலாம். இருமருங்கும் சுவர் உண்டு. ஆதலின் நாயும் மாடும் மனிதரும் குறுக்கே வாரார். இறுதிக்கோட்டிற்கு அப்பால் வேகந் தணிப்பதற்கென்றே நீண்ட வெற்றுப்பாதை உண்டு. தீயணைப்போரும் ஆம்புலன்ஸ் வண்டியும் ஆயத்தமாய் நிற்பர். இவை யாவற்றினும் மேலாக, கடிகாரம் உண்டு. தெருவில் ஓடினவன் தன் தோழர் சொல்லும் புகழையே கொண்டு வீடு திரும்புவான். களத்தில் ஓடினவன் கையில் ஓர் அச்சிட்ட சீட்டு கிடைக்கும். அது தோழரைப்போல் முகஸ்துதி செய்வதில்லை.

இனி, பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர்க்கு ஒரு கணக்கு. ஈபெல் கோபுரத்தினும் உயர்ந்த, 1320 அடி உயரமுள்ள ஓரிடத்தினின்று ஒரு கல்லை விடுவோமாயின், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட, அது தரையைச் சேர ஏறக்குறைய 9 வினாடி செல்லும். தேர்ந்த ஒருவன் ஓட்டும் பெரிய ஸ்போர்ட்ஸ் பைக், அதே தூரத்தைத் தரைமீது ஏறக்குறைய 10 வினாடியிற் கடக்கின்றது. அஃதாவது, அவ்வண்டி ஏறியவனைப் பக்கவாட்டில் விழச் செய்கின்றது என்றே சொல்லலாம். இவ்வொப்புமை தற்செயலாக நேர்ந்ததன்று. பின்சக்கரம் தரையைப் பின்னோக்கி உதைக்குங்கால், வண்டியின் முன்பாகம் மேலெழ முயலும். பின்சக்கரம் தரையிற் படுமிடத்திற்கும், வண்டியும் ஆளும் சேர்ந்த பளு மையத்திற்கும் இடையேயுள்ள கிடைத்தூரத்தை, அம்மையத்தின் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணே, முன்சக்கரம் எழாமல் அடையத்தக்க வேகவளர்ச்சியின் எல்லையாகும். சாலை வண்டிகளில் இவ்விரண்டு அளவும் ஏறக்குறையச் சமம். எனவே எல்லையும் ஏறக்குறையக் கல் விழும் வேகவளர்ச்சியே.

இதனாற் பெறப்படும் முடிபு புதியோர்க்கு மிக இன்றியமையாதது. 100 குதிரைச்சக்தியுடைய வண்டியும் 200 குதிரைச்சக்தியுடைய வண்டியும் முதல் 100 அடியில் ஒரே எல்லைக்குட்பட்டு நிற்பன. அதிக சக்தியால் அவ்விடத்திற் பயனில்லை, அபாயமே உண்டு. முன்சக்கரம் எழுந்தவுடன் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தியே தீரவேண்டும். தளர்த்தினால் நேரம் போயிற்று. ஆதலாற்றான் பந்தயத்திற்கென்றே அமைக்கும் வண்டிகளைத் தாழ்வாகவும், பின்சக்கரம் வெகுதூரம் பின்னே தள்ளி நிற்குமாறு நீளமாகவும் செய்கின்றனர். மிகு சக்தியுடையவற்றிற்குப் பின்னே சிறு சக்கரங்களோடு கூடிய தண்டுகளையும் பொருத்துவர். இத்தகைய வண்டியொன்றில் 1999-ம் ஆண்டு லாரி மெக்பிரைட் என்பவர் 6 வினாடிக்குள் கால் மைலைக் கடந்து, அவ்வாறு கடந்த முதல் மோட்டார் சைக்கிள் வீரரானார். விழுங்கல்லை அவர் 3 வினாடியால் வென்றார். ஆயினும் அவ்வண்டியைச் சாலையில் ஒரு மூலை திருப்ப இயலாது. தினமும் கலாசாலைக்கோ அலுவலகத்திற்கோ ஏறிச் செல்லும் வண்டியை நீட்டியும் தாழ்த்தியும் கெடுத்துக்கொள்ளுதல் புதியவனுக்குத் தகாது என்பது எம் கருத்து. முன்பக்கத்து ஸ்பிரிங்குகளை ஒரு வாரினால் இழுத்துக் கட்டிச் சிறிது தாழ்த்துதல் பலரும் செய்வதே. பந்தயம் முடிந்தவுடன் அவிழ்த்துவிடலாம். முதல் நாளில் அதுவும் வேண்டியதில்லை.

களத்தின் வாயிலில் வண்டியைப் பரிசோதிப்பர். எண்ணெய் ஒழுகுதல் கூடாது. ஒருவன் சிந்திய ஒரு கரண்டி எண்ணெய், பின்வரும் மற்றொருவனை வீழ்த்தும். களத்தைத் துடைத்துச் செப்பனிடும் வரை நூறு பேர் காத்திருக்க நேரும். பிரேக்குகள் இரண்டும் செவ்வையாய் இருத்தல், கையை எடுத்தவுடன் ஆக்ஸிலரேட்டர் தானே திரும்பி மூடுதல், செயினுக்கு மூடி இருத்தல், டயரில் வெடிப்பின்மை ஆகிய இவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொண்டு செல்லுதல் நன்று. ஓட்டுவோன் கையோடு ஒரு கயிற்றாற் பிணைக்கப்பட்டு, அவன் கீழே விழுந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் சுவிட்சு பல வகுப்புகளில் விதியாக உள்ளது. விதியில்லாத இடத்தும் அதனைப் பொருத்திக்கொள்ளுதல் அறிவுடைமை. முகம் முழுதும் மூடும் ஹெல்மெட், தோற்சட்டை, தோற்காற்சட்டை, கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்சு ஆகிய இவையின்றி எத்துணைச் சிறு ஓட்டமும் ஓடலாகாது. வெயிற்காலத்தில் இவ்வுடை பெருந்துன்பமே. அத்துன்பத்திற்கு அஞ்சுவோர் பார்வையாளர் பகுதியில் அமர்ந்து குளிர்பானம் அருந்தலாம்.

டயரின் காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு சொல். பின்டயரிற் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது தரையில் அகலப் படிந்து நன்றாகப் பற்றும். தேர்ந்தோர் மிகவுங் குறைப்பர். புதியோர் சில ராத்தல் அளவே குறைத்து, வீடு திரும்புமுன் மறவாது நிரப்பிக்கொள்ளல் வேண்டும். முன்டயரில் காற்றைக் குறைத்தலாகாது.

முறை வந்ததும் வண்டி புறப்படுகோட்டை நோக்கிச் செல்லும். வழியில் நீர் தெளித்த ஓரிடம் இருக்கும். பந்தயக் கார்கள் அதில் நின்று பின்சக்கரத்தைச் சுழற்றிப் புகையெழச் செய்வதைப் புதியவன் கண்டிருப்பான். தானும் அவ்வாறே செய்ய அவன் மனம் துடிக்கும். அவர்தம் வழவழப்பான டயர்களுக்கு வேண்டிய அச்செயல், வரிகள் வெட்டிய சாலை டயருக்குத் தீங்கே செய்யும். அவ்வரிகள் நீரை அள்ளிக்கொண்டு வந்து புறப்படுமிடத்திற் சொட்டும். தன் சக்கரம் வழுக்குவதோடு பின்வருவோர் சாபத்தையும் பெற நேரிடும். ஆதலின் நீரைச் சுற்றிக்கொண்டு வறண்ட பக்கமாகச் சென்று, ஒட்டிய மண் நீங்குமளவிற்குச் சிறிது சுழற்றினாற் போதும்.

புறப்படுகோட்டிற்கு அப்பால், இரண்டு பாதைகளுக்கும் நடுவே ஒரு கம்பம் நிற்கும்; அதில் மேலிருந்து கீழாகப் பல நிற விளக்குகள் உள. 1963-ம் ஆண்டில் வழக்கிற்கு வந்த இதனைக் கிறிஸ்துமஸ் மரம் என்று அழைப்பர். அதற்கு முன்னர்க் கொடியசைப்பவன் ஒருவன் நடுவில் நின்று குதித்துக் கொடியை வீசுவான். அவன் தோள் அசைவை முன்கூட்டியே கண்டு ஓடினவனே வென்றான் என்ற வழக்கு ஓயாதிருந்தது. மரம் வந்தபின் அவ்வழக்கு ஒழிந்தது. பாதைக்குக் குறுக்கே ஒளிக்கதிர்கள் இரண்டு, 7 அங்குல இடைவெளியிற் பாய்ந்துகொண்டிருக்கும். முன்சக்கரம் முதற் கதிரை மறித்தவுடன் மேல் விளக்கு எரியும். மெல்ல மெல்ல நகர்ந்து இரண்டாவதை மறித்தவுடன் அடுத்த விளக்கு எரியும். அவ்விடத்தில் நிற்கவேண்டும். இருவரும் நின்றபின் அதிகாரி மரத்தை இயக்குவார். மஞ்சள் விளக்குகள் மூன்றும் அரை வினாடிக்கொன்றாய் மேலிருந்து கீழே எரிந்து, மற்றோர் அரை வினாடியிற் பச்சை எரியும். பச்சைக்கு முன் சக்கரம் கதிரை விட்டு நீங்கினாற் சிவப்பு எரியும். போட்டியாயின் அவன் தோற்றான்.

பச்சையைக் கண்டபின் கிளம்பலாம் என்று காத்திருப்பவன் எப்பொழுதும் பிந்துவான். கண் கண்டதை மூளை உணர்ந்து, மூளை கைக்குச் சொல்லி, கை கிளச்சை விட்டு, வண்டி அசைந்து, சக்கரம் கதிரை நீங்குதற்குள் ஏறக்குறைய அரை வினாடி ஆகிவிடுகின்றது. ஆதலின் மூன்றாவது மஞ்சள் எரிந்தவுடனே புறப்படுதல் வேண்டும். இங்கே புதியோர் பலர் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. ஓட்டத்தின் நேரம் பச்சை எரிந்தபொழுது தொடங்குவதன்று. அவனவன் சக்கரம் கதிரை விட்டு நீங்கிய கணத்தினின்றே தொடங்குவது. பச்சைக்கும் அக்கணத்திற்கும் இடையே கழிந்த பொழுது வேறாக எழுதப்படும். வலப்பாதையான் 11.60 வினாடியிலும் இடப்பாதையான் 11.70 வினாடியிலும் ஓடினர் எனக் கொள்வோம். முன்னவன் பச்சைக்குப்பின் 0.200 வினாடியும், பின்னவன் 0.050 வினாடியும் தாமதித்துக் கிளம்பினராயின், கூட்டுத்தொகை முறையே 11.80, 11.75 ஆகும். விரைவாக ஓடியவன் தோற்று, மெதுவாக ஓடியவன் வென்றான். ஆயினும் வேகத்தைப் பயில மட்டும் வந்த முதல் நாளில் இதைப்பற்றிக் கவலைப்படுதல் வேண்டா. பக்கத்துப் பாதையில் யார் நிற்கின்றார் என்றும் பாராமல், பச்சை எரிந்து ஒரு வினாடி கழிந்தபின் அமைதியாகப் புறப்பட்டாலும், தன் ஓட்டநேரம் ஒரு சிறிதுங் கெடாது. இது தெரிந்தால் பாதி நடுக்கம் நீங்கும்.

எஞ்சியுள்ள பாதி நடுக்கம் கிளச்சில் உள்ளது. இவ்விளையாட்டின் உயிர்நிலை இங்கேயே என்று துணிந்து கூறலாம். நின்ற நிலையில் எஞ்சினை நிமிஷத்திற்கு 4000 சுற்று அளவில் அசையாது நிறுத்தி, கிளச்சு பிடிக்கத் தொடங்குமிடத்தை விரலால் உணர்ந்து வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்பு அதனைத் திடீரென விடாமல், முதல் முப்பது நாற்பது அடி வரையிற் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே, அவ்வளவிற்கு ஆக்ஸிலரேட்டரைத் திறந்துகொண்டே போகவேண்டும். கிளச்சை ஒரேயடியாக விட்டவன் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கும், அல்லது எஞ்சின் அணைந்து நிற்கும். மார்பு பெட்ரோல் டாங்கியிற் படியுமாறு குனிந்து, ஹெல்மெட்டை இயன்ற அளவு முன்னே தள்ளி, பளு மையத்தை முன்னேயும் தாழ்வாகவும் வைத்தல், மேலே சொன்ன கணக்கின்படி நேரான பயன் தரும். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி நின்று, வண்டி நகர்ந்தவுடன் கால்வைக்கும் இடத்தில் ஏற்றவேண்டும். பல அடி தூரம் கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நீந்துவான்போற் போவது புதியோர்க்குரிய அடையாளம். முன்சக்கரம் ஒரு சாண் எழுந்தால் அஞ்சவேண்டா. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடாமற் சற்றே தளர்த்தினால் அது மெல்ல இறங்கும். சட்டென்று மூடினால் முன்சக்கரம் அடித்து விழும்.

இதற்குப் பெரிய தோள்வலி வேண்டியதில்லை. 2000, 2001, 2002 என்னும் மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து அமெரிக்கத் தேசியப் பட்டத்தை மோட்டார் சைக்கிள் பிரிவில் வென்ற ஆஞ்செல் சாம்பே என்னும் பெண்மணி, தொழிலால் ஆஸ்பத்திரித் தாதி.

கிளச்சு முழுதும் விட்டபின் வேலை எளிது. ஒவ்வொரு கியரையும் உரிய சுற்றில் மாற்றி, பார்வையைப் பாதையின் கோடியில் நிறுத்தி, தன் பாதையின் நடுவே செல்லவேண்டும். இறுதிக்கோட்டைக் கடக்கும் வரை ஆக்ஸிலரேட்டரை மூடலாகாது. கடந்தபின் ஒருபொழுதும் திடீரென மூடலாகாது. இங்கே அபாயம் அதிகம் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கிளம்பும்பொழுது எல்லாரும் அஞ்சுகின்றனர். ஆனால் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் இருப்பது கிளம்புமிடத்திலன்று, முடியுமிடத்திலேயே. நிமிர்ந்து உட்கார்ந்தவுடன் காற்று மார்பில் மோதிப் பெருந்தடையாக நின்று வேகத்தைக் குறைக்கும். அதன்பின் பின்பிரேக்கையும் முன்பிரேக்கையும் மெல்ல மெல்ல அழுத்தவேண்டும். பக்கத்துப் பாதையான் எங்கே இருக்கின்றான் என்று திரும்பிப் பார்த்து அறியாமல் அவன் பாதையைக் குறுக்கிட்டு வெளியேறுதல் பெருந்தவறு. கலையில் வல்லார்க்கும் களம் இரக்கங் காட்டுவதில்லை. எல்மர் டிரெட் என்னும் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் வீரர் 1996-ம் ஆண்டு இண்டியானாபொலிஸ் களத்தில் உயிரிழந்தார். 2008-ம் ஆண்டில் இங்கிலீஷ்டவுன் களத்தில் ஸ்காட் கலிட்டா என்னும் கார் வீரர் வேகந் தணிக்கும் பாதையின் கோடி கடந்து சென்று இறந்தபின், மிகு வேகக் கார்களின் ஓட்டத்தை 1000 அடியாகக் குறைத்தனர். ஓடும் பாதையை வெட்டி நிற்கும் பாதையை நீட்டினர் என்பதே இதன் பொருள்.

வெளியேறித் திரும்பும் வழியில் ஒரு சிறு அறையில் நேரச்சீட்டு கிடைக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமல், மெதுவாகச் சென்று அதனைப் பெற்றுக்கொள்ளவேண்டும். அதனைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதனினும் சிறந்த ஆசிரியன் இல்லை. கிளம்பத் தாமதித்த பொழுது, முதல் 60 அடி, 330 அடி, 660 அடி, 1000 அடி, 1320 அடி ஆகியவற்றைக் கடந்த பொழுதுகள், கடைசி 66 அடியில் அளந்த வேகம் ஆகிய யாவும் அதில் அச்சாகியிருக்கும். புதியோர் எல்லாரும் முதலில் நோக்குவது வேகத்தை. நோக்கவேண்டுவது 60 அடியின் நேரத்தை. தேர்ந்தவன் சாலை வண்டியில் அதனை 1.7 வினாடி அளவிற் கடப்பான். முதல் நாள் வந்தவனுக்கு 2.1 அல்லது 2.2 ஆகும். அங்கு இழந்த பத்திலொரு வினாடி, கோடியை அடைகையில் ஒன்றரை மடங்காகப் பெருகி நிற்கும்.

இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மற்றோர் உண்மை புலப்படும். கோடியில் வேகம் மணிக்கு 135 மைல் என்றும், ஓட்டநேரம் 11.6 வினாடி என்றும் ஒருவன் சீட்டில் இருப்பதாகக் கொள்வோம். அவ்வேகத்தை எய்தும் வண்டி நல்லான் ஒருவன் கையில் ஏறக்குறைய 10.3 வினாடியில் ஓடக்கூடியது. வேகம் எஞ்சினைப் பற்றிப் பேசுகின்றது. நேரம் ஓட்டினவனைப் பற்றிப் பேசுகின்றது. இடையிலுள்ள ஒரு வினாடிக்கு மேற்பட்ட பொழுது முழுதும் அவனுடைய இடக்கையில் தங்கிக் கிடக்கின்றது. இச்சீட்டைப் பார்த்தபின்னும், புதிய சைலன்சர் ஒன்று வாங்கினால் நேரம் குறையுமா என்று கேட்பவனைக் கடைக்காரர் மகிழ்ச்சியோடு வரவேற்பர்.

ஒவ்வொரு சீட்டின் பின்புறத்திலும் அப்பொழுதைய வெப்பம், டயரின் காற்றழுத்தம், கிளம்பியபோது எஞ்சினின் சுற்று ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். ஓர் ஓட்டத்திற்கும் மறு ஓட்டத்திற்கும் இடையில் ஒன்றை மாத்திரமே மாற்றவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியாது. இஃது இரசாயன சாலையில் நம் மாணவர் நாடோறும் கேட்கும் விதியே. வெப்பத்தைக் குறிக்கவேண்டுவது ஏனெனில், சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சின் உட்கொள்ளும் பிராணவாயுவும் அவ்வளவிற்குக் குறையும். உயர்ந்த இடங்களிலும் அங்ஙனமே. கொலராடோவில் 5800 அடி உயரத்தில், 2023-ம் ஆண்டு வரை நடைபெற்ற பாண்டிமியர் களத்தில் எல்லா வண்டிகளும் கடற்கரை நாட்டிற்போல் விரையாமற் களைத்தே ஓடின. நண்பகலில் ஓடிய எண்ணையும் இரவில் ஓடிய எண்ணையும் ஒப்பிட்டுத் தன் திறமை வளர்ந்ததாக மகிழ்பவன் காற்றின் புகழைத் தனதாக்கிக் கொள்கின்றான்.

சில நாள் பழகியபின் போட்டியிற் கலந்துகொள்ள விரும்புவோனுக்கு, வண்டியின் விலையைப் பொருட்படுத்தாத ஒரு முறை உண்டு. ஒவ்வொருவனும் தன் வண்டி எத்தனை வினாடியில் ஓடும் என்பதை முன்னரே எழுதி அறிவிக்கவேண்டும். ஒருவன் 11.50 என்றும் மற்றவன் 13.00 என்றும் எழுதினால், பின்னவனுக்கு 1.50 வினாடி முன்னதாகவே பச்சை எரியும். இருவரும் சொன்னபடி ஓடினாற் கோடியில் ஒருங்கே சேர்வர். அப்பொழுது கிளம்புவதில் முந்தினவன் வெல்வான். சொன்ன நேரத்தைக் குறைத்து ஓடினவன், எதிரி வேறு பிழை செய்யாதவிடத்துத் தோற்றவனாவான். எனவே, வேண்டுமென்றே மெதுவான எண்ணை எழுதி எதிரியை ஏமாற்ற இயலாது. சிறிய பழைய வண்டிக்காரன் பெரும் பணக்காரனுடைய 200 குதிரைச்சக்தி வண்டியை வீட்டுக்கு அனுப்பும் காட்சி இம்முறையிற் சாதாரணம். இங்கே விலை பெறுவது வேகமன்று. ஒரே செயலை ஒரேவிதமாய்ப் பலமுறை செய்யும் திறன்.

ஆகவே எந்த எண்ணை எழுதுவது என்பதில் அவசரம் கூடாது. தன் மிகச் சிறந்த சீட்டில் உள்ள எண்ணை எழுதுவோர் பலர். அஃது ஒருநாள் ஒருமுறை நேர்ந்த எண். அன்று மாலையில் ஓடிய கடைசி ஐந்தாறு சீட்டுக்களை ஒருங்கே பரப்பி வைத்து, அவை பத்திலொரு வினாடிக்குள் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒத்திருந்தால் அவற்றின் நடுவெண்ணைத் தெரிந்துகொண்டு, இரவு குளிர்ந்துவருமாயின் அதிலும் சில நூற்றிலொரு பங்கைக் குறைத்து எழுதலாம். ஒத்திராவிடின் அன்றைக்குப் போட்டியில் இறங்காமல், வரிசையின் கடைசியிற் போய் நின்று மறுபடியும் ஓடிப் பழகுவதே தக்கது.